18 வயசுல எந்த வழி? பெரிய கிளப், சின்ன கிளப், அமெரிக்க காலேஜ்: இங்கிலாந்து ஃபுட்பால் பொண்ணுங்க எடுக்க வேண்டிய முடிவு

இங்கிலாந்துல ஒரு பொண்ணு எட்டு ஒன்பது வயசுலேர்ந்து ஒரு பெரிய கிளப்போட அகாடமில ஆடிட்டு வர்றா, நாட்டோட ஜூனியர் டீமுக்கும் கூப்பிடுறாங்க, இப்போ ஸ்கூல் கடைசி வருஷ ஏ லெவல் பரீட்சை முடியப் போகுதுன்னு வச்சுக்கங்க. அவ முன்னாடி மூணு வழி இருக்கு. அந்தப் பெரிய கிளப்லயே முதல் ப்ரோ (சம்பளத்துக்கு ஆடற) கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடலாம். இல்ல கொஞ்சம் கீழ இருக்கற கிளப்புக்குப் போய் வாரா வாரம் ஆடிக்கிட்டே பக்கத்துல ஒரு யூனிவர்சிட்டில படிக்கலாம். இல்லன்னா அமெரிக்கால ஒரு காலேஜ்ல ஸ்காலர்ஷிப் வாங்கிட்டு நாலு வருஷம் போயிடலாம். பசங்க ஃபுட்பால்ல பெரும்பாலும் இப்படி ஒரு கேள்வியே வராது, 17 வயசுல கிளப் கான்ட்ராக்ட் நீட்டினா யாரும் யோசிக்க மாட்டாங்க, ஏன்னா அதுல கிடைக்கற பணம் அப்படி. பொண்ணுங்களுக்கு இன்னும் அந்த நிலைமை வரல, அதனால தான் இந்த மூணையும் உக்காந்து ஒப்பிட்டுப் பாக்க வேண்டியிருக்கு.

வராததுக்குக் காரணமும் தெரிஞ்சது தான். 1920 டிசம்பர் 26, பாக்சிங் டே அன்னிக்கு லிவர்பூல் குடிசன் பார்க்ல டிக் கெர் லேடீஸ் டீமோட மேட்ச்சைப் பாக்க 53,000 பேர் வந்தாங்க, அடுத்த வருஷமே டிசம்பர்ல இங்கிலாந்து ஃபுட்பால் அசோசியேஷன் பெண்கள் அவங்க கிரவுண்டுங்கள்ல ஆடக்கூடாதுன்னு தடை போட்டாங்க, அந்தத் தடை கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு இருந்துச்சு. இங்கிலாந்துல பொண்ணுங்களோட டாப் லீக்கான உமன்ஸ் சூப்பர் லீக் ஆரம்பிச்சதே 2011ல தான், எட்டு டீமோட. எல்லா டீமும் முழு நேர ப்ரோவா இருக்கணும்ங்கற ரூல் வந்தது 2018ல. இன்னிக்கு டிவில நாம பாக்கற முப்பது வயசு தாண்டின ஸ்டார்ஸ்ல நிறைய பேர் பகல்ல வேற வேலை பாத்துட்டு ராத்திரி ப்ராக்டிஸ் போன தலைமுறை. லூசி பிரான்ஸ் டோமினோஸ்ல பீட்சா வேலை பாத்தவங்க, ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக்கை அஞ்சு தடவை ஜெயிச்சவங்களோட கதை இது.

முதல் வழிக்கு எல்லாரும் சொல்ற உதாரணம் லியா வில்லியம்சன். 9 வயசுல ஆர்சனலுக்கு வந்தாங்க, 17 வயசுல, 2014ல, சீனியர் டீம்ல இறங்கினாங்க, அப்புறம் வேற கிளப்புக்கே போகல, 2022லயும் 2025லயும் ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையை இங்கிலாந்து கேப்டனா தூக்கினாங்க, 2025 மே மாசம் லிஸ்பன்ல பார்சிலோனாவை 1-0ன்னு ஜெயிச்சு ஆர்சனல் ஐரோப்பிய சாம்பியன் ஆனப்போ டிஃபென்ஸ்ல நின்னதும் அவங்க தான். கேக்க ரொம்ப அழகா இருக்கு. ஆனா 2014 ஆர்சனல் வேற, இப்போ இருக்கற ஆர்சனல் வேற. 2025 ஜனவரில செல்சி நயோமி கிர்மாவை அமெரிக்காலேர்ந்து கிட்டத்தட்ட 9 லட்சம் பவுண்டு குடுத்து கூட்டிட்டு வந்தாங்க, அதே வருஷம் ஜூலைல ஆர்சனல் ஒலிவியா ஸ்மித்துக்கு லிவர்பூல் கிட்ட 10 லட்சம் பவுண்டு குடுத்தாங்க. அவ்ளோ காசு போட்டு வாங்கின ஆளை உக்கார வச்சுட்டு 18 வயசு அகாடமி பொண்ணை எந்த கோச்சும் இறக்க மாட்டாங்க, அதுல கோச் மேல தப்பும் இல்ல. செல்சி 2020லேர்ந்து 2025 வரைக்கும் தொடர்ந்து ஆறு தடவை லீக் ஜெயிச்ச டீம், அங்க பெஞ்ச்ல இருக்கறவங்களே அவங்கவங்க நாட்டு டீம்ல ஆடறவங்க.

அதனால பெரிய கிளப் கான்ட்ராக்ட்ங்கறது இன்னிக்கு லோனோட, அதாவது கொஞ்ச காலம் வேற கிளப்புக்கு ஆட அனுப்பறதோட, சேத்து வந்தா தான் அர்த்தம்னு நான் உறுதியா நினைக்கறேன். மிஷெல் அஜெமாங்கைப் பாருங்க. ஆர்சனல் பொண்ணு, 2024-25 சீசன் முழுக்க பிரைட்டனுக்கு லோன்ல போயி ஆடினாங்க, ஏப்ரல்ல இங்கிலாந்துக்காக முதல் மேட்ச்ல சப்ஸ்டிட்யூட்டா இறங்கி ஒரு நிமிஷம் ஆகறதுக்குள்ள கோல், ஜூலைல யூரோ குவார்ட்டர் ஃபைனல்ல ஸ்வீடன்கிட்ட தோத்துட்டோம்னு நினைச்சப்போ ஒரு கோல், செமிஃபைனல்ல இத்தாலிகிட்ட 96வது நிமிஷம் இன்னொரு கோல். ஆர்சனல்லயே உக்காந்து அண்டர் 21 மேட்ச் ஆடிட்டு இருந்திருந்தா அந்த இடத்துல நின்னிருப்பாங்களான்னு யோசிச்சுப் பாருங்க. ஆகி பீவர்-ஜோன்ஸை செல்சி பிரிஸ்டல் சிட்டிக்கும் எவர்ட்டனுக்கும் லோன்ல அனுப்பினாங்க, திரும்பி வந்து டீம்ல இடம் பிடிச்சு, இங்கிலாந்துக்காக லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்துல போர்ச்சுகலுக்கு எதிரா ஹாட்ரிக் அடிச்சாங்க. கிரேஸ் கிளின்டன் மான்செஸ்டர் யுனைடெட்லேர்ந்து டாட்டன்ஹாமுக்கு லோன்ல போன 2023-24 சீசன்ல தான் பெரிய ஆள் ஆனாங்க, ப்ளேயர்ஸ் யூனியனோட அந்த வருஷத்து இளம் வீராங்கனை விருதும் அவங்களுக்குத் தான். அந்த சீசன்ல டாட்டன்ஹாம் எஃப்ஏ கப் ஃபைனலுக்குப் போச்சு, எதிர்ல யுனைடெட், லோன்ல இருக்கறவ சொந்த கிளப்புக்கு எதிரா இறங்கக்கூடாதுன்னு ரூல், அதனால அந்த வெம்ப்ளி கப் ஃபைனலை வெளிலேர்ந்து பாக்க வேண்டியதாச்சு. லோன்ல இந்த மாதிரி வலியும் உண்டு, எந்த ஊர்லயும் முழுசா செட்டில் ஆக முடியாது, ஒவ்வொரு கோடைலயும் பெட்டி கட்டணும், 19 வயசுப் பொண்ணுக்கு அது சின்ன விஷயம் இல்ல. இருந்தாலும் 20 மேட்ச் ஆடின அனுபவத்துக்கு ஈடா வேற எதுவும் கிடையாது.

கிளோயி கெல்லி கதை இன்னும் ஒரு படி மேல. ஆர்சனல் அகாடமில வளர்ந்தவங்க, அங்க இடம் கிடைக்கல, எவர்ட்டனுக்கு லோன்ல போனாங்க, அப்புறம் அங்கயே போயிட்டாங்க, 2020ல மான்செஸ்டர் சிட்டிக்குப் போனாங்க, 2022 யூரோ ஃபைனல்ல வெம்ப்ளில 87,192 பேர் முன்னாடி எக்ஸ்ட்ரா டைம்ல அடிச்ச கோல் அவங்களது. 2025 ஜனவரில சிட்டில வாய்ப்பு கிடைக்காம இருந்தப்போ மறுபடி லோன், இந்தத் தடவை பழைய ஆர்சனலுக்கே. ஆறு மாசத்துக்குள்ள சாம்பியன்ஸ் லீக், அப்புறம் இன்னொரு யூரோ. ஆட முடியாத இடத்துல இருக்க மாட்டேன்னு ரெண்டு தடவை முடிவு எடுத்த ஆள், ரெண்டு தடவையும் சரியா அமைஞ்சுது.

ரெண்டாவது வழிக்கு வரேன், சின்ன கிளப்பும் படிப்பும். இது எனக்கு மனசுக்கு ரொம்பப் பிடிச்ச வழி, ஆனா ரொம்ப பயத்தோட சொல்ல வேண்டிய வழியும் இது தான். நல்ல உதாரணம் பெத் மீட், சண்டர்லேண்ட்ல ஆடிக்கிட்டே டீசைட் யூனிவர்சிட்டில டிகிரி முடிச்சாங்க, 2015ல லீக்லயே அதிக கோல் அடிச்சது சண்டர்லேண்ட் சட்டைல தான், அப்புறம் 2017ல ஆர்சனல், 2022 யூரோல அதிக கோலுக்கான கோல்டன் பூட். சின்ன கிளப்ல அவங்க தான் டீமோட மையம், ஒவ்வொரு வாரமும் 90 நிமிஷம், தப்பு பண்ணினா அடுத்த வாரமே திருத்திக்க சான்ஸ். பெரிய கிளப்ல சப்ஸ்டிட்யூட்டா 8 நிமிஷம் இறங்கற பொண்ணுக்கு இது கிடைக்காது.

பயம் என்னன்னா, மீட் கிளம்பின அடுத்த வருஷமே, 2018ல, சண்டர்லேண்டுக்கு மேல் டிவிஷன் லைசென்ஸ் கிடைக்காம மூணாவது டிவிஷனுக்குப் போயிடுச்சு. களத்துல தோத்ததால இல்ல, ஆபீஸ்ல நடந்தது. நாட்ஸ் கவுண்டி பெண்கள் டீமை 2017ல சீசனோட முதல் மேட்ச்சுக்கு ரெண்டு நாள் இருக்கறப்போ கலைச்சாங்க, வாடகை வீடு, சம்பளம் எல்லாத்தையும் அதை நம்பியே வச்சிருந்த பொண்ணுங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க. ரெடிங் 2023ல டாப் லீக்லேர்ந்து கீழ வந்தாங்க, வந்ததும் பார்ட் டைம் ஆக்கினாங்க, 2024ல அந்த லீக்லயும் இருக்க முடியாதுன்னு விலகி அஞ்சாவது டிவிஷனுக்குப் போனாங்க. இங்கிலாந்து ஸ்டார் ஃப்ரான் கெர்பி உருவான கிளப் அது. 2025ல பிளாக்பர்ன் ரோவர்ஸும் இதே மாதிரி ரெண்டாவது டிவிஷன்லேர்ந்து விலகினாங்க, கெய்ரா வால்ஷ், ஜார்ஜியா ஸ்டான்வே, எல்லா டூன்னு இங்கிலாந்து ஸ்டார்ஸ் மூணு பேர் சின்ன வயசுல ஆடின இடம், எனக்கு அந்த நியூஸ் படிச்சப்போ வயிறு எரிஞ்சுது, ஏன்னா லைசென்ஸுக்கு வேண்டிய செலவு ஆண்கள் டீமோட ஒரு சுமாரான ப்ளேயருக்குக் குடுக்கற காசை விட பெருசா இருந்திருக்க வாய்ப்பே இல்ல. முதலாளிக்கு மனசு இல்லன்னா பொண்ணுங்க டீம் தான் முதல்ல போகும்.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒன்னு இருக்கு. லண்டன் சிட்டி லயனஸஸ், எந்த ஆண்கள் கிளப்போடயும் ஒட்டாத தனி டீம், அமெரிக்க தொழிலதிபர் மிஷெல் காங் வாங்கி காசு போட்டாங்க, 2025ல டாப் லீக்குக்கு ஏறிட்டாங்க. 2026-27லேர்ந்து டாப் லீக் 12 டீம்லேர்ந்து 14 டீம் ஆகுது, அதாவது இன்னும் அம்பது பேருக்கு கிட்ட டாப் லீக்ல இடம். அதனால சின்ன கிளப்னா எல்லாமே ஆபத்துன்னு இல்ல. ஆனா அந்த கிளப்புக்குப் போறதுக்கு முன்னாடி கோச் யாருன்னு பாக்கறதை விட முதலாளி யாரு, பெண்கள் டீம் எந்த கிரவுண்ட்ல ஆடுது, ஆண்கள் டீம் கீழ போனா இவங்க பட்ஜெட் என்ன ஆகும்னு கேக்கறது முக்கியம். அப்பா அம்மா கேக்க வேண்டிய கேள்வி இது, கூச்சப்படவே வேண்டாம்.

பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை. 2022ல பிபிசி போட்ட கணக்குப்படி டாப் லீக்ல சராசரி சம்பளம் வருஷத்துக்கு 47,000 பவுண்டு. சராசரின்னா மேல இருக்கற சில பேர் இழுத்து விட்ட நம்பர், 18 வயசுல முதல் கான்ட்ராக்ட் போடறவளுக்கு அதுல ஒரு பங்கு தான் வரும், லண்டன் வாடகைக்கு அது எங்க போதும்? முன்னாள் வீராங்கனை கேரன் கார்னி தலைமைல அரசாங்கம் வச்ச கமிட்டி 2023ல ரிப்போர்ட் குடுத்துச்சு, மேல் ரெண்டு டிவிஷனும் முழு ப்ரோவா இருக்கணும், குறைஞ்சபட்ச சம்பளம் வேணும்னு அதுல கேட்டிருந்தாங்க, 2025-26 சீசன்லேர்ந்து குறைஞ்சபட்ச சம்பளம் வந்திருக்கு. ஸ்கை, பிபிசியோட அஞ்சு வருஷத்துக்கு 6.5 கோடி பவுண்டு டிவி ஒப்பந்தமும் இருக்கு. நிலைமை நல்லா ஆகுது, சந்தேகமே இல்ல. ஆனா 18 வயசுல போடற முதல் கான்ட்ராக்ட் பணத்துக்காக எடுக்கற முடிவா இருக்க வேண்டியதில்ல, மூணு வழிலயும் அந்த வயசுல கைல மிஞ்சறது ஏறக்குறைய ஒன்னு தான்.

இப்போ அமெரிக்கா. 2017ல அலெசியா ரூசோவும் லாட்டே வுபன்-மோயும் 18 வயசுல நார்த் கரோலினா யூனிவர்சிட்டிக்குப் போனாங்க. அமெரிக்க ஸ்டார் மியா ஹேம் ஆடின இடம், இருபது தடவைக்கு மேல தேசிய சாம்பியன், பெண்கள் காலேஜ் ஃபுட்பால்ல அதை மாதிரி வேற ஒன்னு இல்ல. அப்போ நிறைய பேர் இது பின்னாடி போறதுன்னு நினைச்சிருப்பாங்க, ஏன்னா இங்கிலாந்து லீக் அப்போ தான் முழு ப்ரோ ஆகப் போகுது, இவங்க என்னடான்னா மாணவிகளோட ஆடப் போறாங்க. ஆனா அடுத்த வருஷம் அண்டர் 20 உலகக் கோப்பைல ரெண்டு பேரையும் இங்கிலாந்து கூப்பிட்டுச்சு, மூணாவது இடமும் வந்தாங்க. 2020ல திரும்பினப்போ ரூசோ யுனைடெட்ல, வுபன்-மோய் ஆர்சனல்ல, நேரா சீனியர் டீம். 2025 யூரோ ஃபைனல் பாசல்ல நடந்துச்சே, ஸ்பெயின் முன்னாடி இருந்தப்போ கெல்லி ஒரு கிராஸ் போட்டாங்க, ரூசோ தலையால முட்டினாங்க, 1-1, அப்புறம் பெனால்டில இங்கிலாந்து ஜெயிச்சுது. லோன்ல அலைஞ்ச ஒருத்தி தூக்கிக் குடுத்த பந்தை காலேஜ் போன ஒருத்தி கோலாக்கினா. ரெண்டு வழியும் போய்ச் சேர முடியற இடம் ஒன்னு தான்னு அந்த ஒரு கோல் எனக்குக் காட்டிடுச்சு.

காலேஜ்ல என்ன கிடைக்குதுன்னா, முழு ஸ்காலர்ஷிப்னா படிப்பு, தங்கறது, சாப்பாடு எல்லாம் அவங்க பொறுப்பு, ஜிம்மும் மெடிக்கல் வசதியும் இங்கிலாந்துல ரெண்டாவது டிவிஷன் கிளப்ல பாக்கவே முடியாத அளவுக்கு இருக்கும், உடம்பு வலுவா ஆகும். நார்த் கரோலினால பாதி மேட்ச்ல கூட்டமா ஆள் மாத்தி மாத்தி இறக்கி எதிரியை மூச்சு விட விடாம ஓட வைக்கறது வழக்கம், ரூசோ முதுகுல டிஃபெண்டரை வச்சுக்கிட்டு பந்தைப் பிடிச்சு நிக்கற அந்த பலம் அங்க வந்ததுன்னு நான் நினைக்கறேன். இன்னொரு இங்கிலாந்து ப்ளேயர் ரேச்சல் டேலி நியூயார்க் செயின்ட் ஜான்ஸ் யூனிவர்சிட்டில ஆடி, அங்கேர்ந்தே அமெரிக்க ப்ரோ கிளப் ஹூஸ்டன் டேஷுக்குப் போய் பல வருஷம் ஆடிட்டு, 2022ல ஆஸ்டன் வில்லாவுக்கு வந்து முதல் சீசன்லயே 22 கோல் அடிச்சாங்க. லூசி பிரான்ஸும் 2009ல ஒரு வருஷம் நார்த் கரோலினால இருந்து தேசிய பட்டம் ஜெயிச்சுட்டு திரும்பினவங்க தான்.

கிடைக்காதது என்னன்னும் சொல்லணும். காலேஜ் சீசன் ஆகஸ்ட்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் தான், வாரத்துக்கு ரெண்டு மேட்ச்னு நெருக்கி வச்சுடுவாங்க, மீதி மாசம் எல்லாம் ப்ராக்டிஸும் சில ஃப்ரெண்ட்லி மேட்ச்சும். வெளிய போன ஆள் திரும்ப உள்ள வரலாம்ங்கற மாதிரி ரூல்ஸும் வேற, அதனால வேகம், ஓட்டம், முட்டல் மோதல் ஜாஸ்தி, பந்தை வச்சு நிதானமா ஆட்டத்தைக் கட்டறது கம்மி. கெய்ரா வால்ஷ் மாதிரி நடுவுல நின்னு பாஸ் போட்டு ஆட்டத்தை நடத்தற மிட்ஃபீல்டருக்கு 18லேர்ந்து 22 வரைக்கும் அந்தச் சூழல் சரிப்படுமான்னா, எனக்கு சரிப்படாதுன்னு தான் தோணுது. காலேஜ் ப்ளேயருங்க இப்போ விளம்பரத்துல சம்பாதிக்கலாம், ஆனா ஸ்டூடன்ட் விசால போன வெளிநாட்டுப் பொண்ணுக்கு வேலை பாக்கறதுல கட்டுப்பாடு இருக்கு, அதை நம்பிப் போகக்கூடாது. இன்னொன்னு, அங்க போற எண்ணம் துளி இருந்தாலும் இங்க ப்ரோ கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த யூனிவர்சிட்டிகிட்டயே எழுத்துல கேட்டுக்கணும், காலேஜ்ல ஆடற தகுதி அதனாலயே போயிடலாம்.

மூணு வழிக்கும் பொதுவா ஒரு பயம், முழங்கால். முழங்கால் உள்ள இருக்கற ஏசிஎல்ங்கற தசைநார் கிழியறது பொண்ணுங்களுக்கு பசங்களை விட ரொம்ப ஜாஸ்தி, கிழிஞ்சா ஒன்பது மாசம் ஒரு வருஷம் போயிடும். 2023 உலகக் கோப்பைக்கு வில்லியம்சனும் மீடும் அதனால தான் போக முடியல. கெல்லிக்கு 2021ல, அஜெமாங்குக்கு 2025 அக்டோபர்ல, யூரோல நாடே கொண்டாடின மூணாவது மாசம், 19 வயசுல. இதுல தான் வழிக்கு வழி வித்தியாசம் பெருசா தெரியும். பெரிய கிளப்ல கிழிஞ்சா நல்ல சர்ஜன், முழு நேர பிசியோ, திரும்பி வர ஒரு திட்டம் எல்லாம் இருக்கும். காலேஜ்ல கிழிஞ்சா வசதி இருக்கும், கூடவே படிப்பு நிக்காம ஓடும், அந்த ஒரு வருஷம் வீணாப் போகாது. ஒரு வருஷக் கான்ட்ராக்ட்ல பார்ட் டைம் கிளப்ல இருக்கறப்போ கிழிஞ்சா என்ன ஆகும்? சீசன் முடிஞ்சதும் கான்ட்ராக்ட்டும் முடிஞ்சுடும், கால்ல கட்டோட கிளப் தேடணும். அதனால கையெழுத்துக்கு முன்னாடி இஞ்சூரி பத்தின பக்கத்தை ப்ளேயர்ஸ் யூனியன்ல காட்டி வரி வரியா படிக்கணும். கர்ப்பம் ஆனா 14 வாரம் முழுச் சம்பளம்னு 2022ல வந்த மாதிரி நல்ல மாற்றம் எல்லாம் யாரோ கேட்டு வாங்கினது தான், கேக்காம எதுவும் வரல.

ஐரோப்பாவுக்கோ அமெரிக்க ப்ரோ லீக்குக்கோ நேரா போறதை நான் 18 வயசு வழியா எடுத்துக்கவே இல்ல. லூசி பிரான்ஸ் லியோன் கிளப்புக்குப் போனப்போ வயசு 25, வால்ஷ் பார்சிலோனா போனப்போ 25, ஸ்டான்வே ஜெர்மனில பேயர்ன் மியூனிக் போனப்போ 23. இங்க பேர் வாங்கிட்டு அங்க போய் மெருகேத்திக்கிட்ட முடிவு அது, தனியா பேச வேண்டிய விஷயம்.

என்கிட்ட ஒரு வீட்டுல கேட்டா நான் இப்படித் தான் சொல்லுவேன். கிளப் சீனியர் டீமோட தினமும் ப்ராக்டிஸ் பண்ண வைக்குது, அடுத்த சீசன் எந்த கிளப்புக்கு லோன்னு பேர் சொல்லிப் பேசுதுன்னா இருங்க, கையெழுத்து போடுங்க, கூட ஓப்பன் யூனிவர்சிட்டி மாதிரி ஏதாவது படிப்பையும் சேத்துக்கங்க. பாப்போம், உன்னை நாங்க ரொம்ப மதிக்கறோம்னு மட்டும் சொல்றாங்கன்னா அது ஆகற கதை இல்ல. அப்போ பொண்ணு ஃபார்வர்டோ டிஃபெண்டரோ, உடம்பால ஆடற டைப்னா, படிப்புலயும் ஆர்வம் இருந்தா, நல்ல காலேஜ் கிடைச்சா அமெரிக்கா போகட்டும், யாரும் மறந்துட மாட்டாங்க. மிட்ஃபீல்டர்னா இங்கிலாந்துலயே முதலாளி ஒழுங்கா இருக்கற ரெண்டாவது டிவிஷன் கிளப்பைத் தேடுங்க. அண்டர் 21 டீம்ல மூணு வருஷம் பெரிய கிளப் ஜெர்சியோட ஃபோட்டோ எடுத்துக்கிட்டு இருக்கறது தான் நான் பாத்ததுலயே மோசமான வழி, அதுக்கு மத்த ரெண்டுல எது வேணா தேவலாம்.

கோல்கீப்பர்னா மட்டும் இந்தக் கணக்கு எல்லாம் மாறும். டீமுக்கு ஒருத்தி தான் நிக்க முடியும், 22 வயசுல அவளை யாரும் பெரிய ஆளா எதிர்பாக்கவும் மாட்டாங்க. மேரி யெர்ப்ஸ் லஃப்பரா யூனிவர்சிட்டில பிசினஸ் படிச்சுக்கிட்டே டான்காஸ்டர், பர்மிங்ஹாம், பிரிஸ்டல்னு கிளப் கிளப்பா மாறி ஆடினாங்க, அப்புறம் ரெடிங், ஜெர்மனில வோல்ஃப்ஸ்பர்க், 26 வயசுல தான் யுனைடெட், 30 வயசுல உலகக் கோப்பை ஃபைனல்ல பெனால்டி தடுத்தாங்க. கோல்கீப்பர் பொண்ணுக்கு ரெண்டாவது வழியைத் தவிர நான் வேற எதையும் சொல்ல மாட்டேன், கிளப் நிலைக்காம போனாலும் பரவால்ல, கைல டிகிரி இருக்கட்டும், வருஷத்துக்கு 20 மேட்ச் இருக்கட்டும், ஊர் மாறினா மாறட்டும்.